இதர இனங்கள்

இளவரசி வருகிறார் என்று
செம்பவாங் முகாமில் ஒரே வாரத்தில் இரண்டு முறை புல் வெட்டினோம்.
சாக்கடை ஓரத்துக்குச் சுண்ணாம்பு.
கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள்,
ஐந்து மாதமாய் நான் எழுதிக் கேட்ட அதே தாழ்ப்பாள்.

நான் பண்டகசாலைக் கணக்கன்.
பாய், வாளி, பல்பொடி, அரிசி, மீன் டின்.
வந்தது, போனது, மிச்சம்.
மனிதர்களுக்கும் அப்படியொரு பதிவேடு உண்டு,
அடுத்த அறையில், மிஸ்டர் டியோவிடம்.
தொண்ணூறு நாளுக்குள்
ஏதாவது ஒரு நாடு அவர்களைக் கூப்பிட வேண்டும்.
கரை சேராத படகுகளுக்கு
எந்த அறையிலும் பதிவேடு இல்லை.

புரவலர் என்ற சொல்லைப் பள்ளியில் படித்தபோது
அதன் பக்கத்தில் எப்போதும் ஒரு யானை நின்றது.
பாடியவனுக்கு யானை,
பசித்தவனுக்கு நெய் மிதக்கும் சோறு.
வந்தவரோ தட்டைச் செருப்பில் வந்தார்.
முதுகில் வேர்வை வட்டம்.
பனி நாட்டு உடம்பு, பாவம்,
நம் ஏப்ரலுக்குப் பழக்கமில்லை.
கை நீட்டக் கூடாது என்று
எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.
அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும்,
சமையற்கட்டு காசிம் வரை கை கொடுத்துக்கொண்டே போனார்.

மூன்றாம் கொட்டகையில் நின்றார்,
ஒரு பெண்ணின் முன்னால்.
ஞுங்.
ஆங்கிலத்தில் நாலு பேர் நாலு விதமாய் எழுதிய பெயர்.
என் குறிப்பேட்டில் ஞகரத்தைப் போட்டேன்,
சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டது.

என்ன வேண்டும் என்று கேட்கச் சொன்னார்.
செயலாளர் பேனா மூடியைக் கழற்றினார்.
மருந்து, பால்மாவு, கனடா,
எந்தச் சொல்லுக்கும் நாங்கள் தயார்.
அவள் கைகளைப் பின்னால் மறைத்தபடி என்னவோ சொன்னாள்.
மொழிபெயர்ப்பாளர் நம்பாமல் மறுபடி கேட்டார்.

நகவெட்டி.

பத்தொன்பது நாள் கடலில்
நகம் ஒன்றுதான் வளர்ந்ததாம்.
பிள்ளை தூக்கத்தில்
தன் முகத்தைத் தானே கீறிக்கொள்கிறானாம்.

இளவரசி கைப்பையைத் துழாவினார்.
சீப்பு, மாத்திரை, மடித்து வைத்த உரை,
அடியில், சாவிக்கொத்தில் கோத்த சின்னது ஒன்று.
அரண்மனையில் இருப்பவருக்குச் சாவி எதற்கு என்று
அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது.
கழற்றிக் கொடுத்தார்.
படக்காரர் பிடிக்கத் தவறிவிட்டார்.
இன்னொரு முறை கொடுங்கள், அம்மா, என்றார்.
அதற்கு முதலில் திருப்பி வாங்க வேண்டுமே.
ஞுங் விரல்களை மூடிக்கொண்டாள்.
யார் கேட்டும் திறக்கவில்லை.
இளவரசி சிரித்தார்.
மறுநாள் தாளில் வந்தது
அந்தச் சிரிப்பு மட்டும்.

ஆறு வாரம் கழித்து ஒரு பெட்டி.
மேலே மகுட முத்திரை,
உள்ளே முந்நூறு நகவெட்டிகள்,
தாமதத்துக்கு மன்னிக்கவும் என்று கையால் எழுதிய சீட்டு.
பதிவேட்டில் இதற்குப் பத்தி இல்லை.
இதர இனங்கள் என்று எழுதினேன்.
எழுதிய பிறகு அந்தச் சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஞுங் அதற்குள் போயிருந்தாள்,
எண்பத்தெட்டாம் நாள், நார்வேக்கு,
அந்தச் சின்னதையும் எடுத்துக்கொண்டு.

வந்தது முந்நூறு.
போனது இருநூற்றுத் தொண்ணூற்று ஒன்பது.
உடைந்தது ஒன்று என்று கையெழுத்திட்டேன்.
உடையவில்லை.

விளக்கு வைத்த பிறகு
நகம் வெட்டக் கூடாது என்பார்கள் எங்கள் வீட்டில்,
இருக்கிற லட்சுமி போய்விடுவாளாம்.
அன்று இரவு பண்டகசாலையைப் பூட்டிவிட்டு
கடைசி பஸ்ஸுக்கு நடக்கையில்
கொட்டகை கொட்டகையாய்
டிக், டிக், டிக்.
போவதற்கு அங்கே யார் இருந்தார்கள்?
பஸ்ஸை விட்டுவிட்டு
வேலியோரம் நின்று கேட்டேன்.