அளவு

புளியங்குடி லாரி விடிகாலை மூன்றரைக்கு வரும்.
ஐப்பசி மழையில்
எலுமிச்சையைக் கேட்க நாதியில்லை.
தை வரை தாங்கினால் காசு,
தாங்காவிட்டால் குடமுருட்டிக்கு
என்பார் ஜெகபர் சாதிக்,
ரசீது நனையாமல் சட்டைக்குள் செருகியபடி.

வலங்கைமான் ஷெட்டில் தொட்டி என் பொறுப்பு.
வெள்ளைப் பொடி ஒன்று. தண்ணீரில் நேராகக் கரையாது.
கொஞ்சம் ஸ்பிரிட் விட்டு மசிய வைத்து
அப்புறம்தான் தண்ணீர் காட்ட வேண்டும்.
ஜிப்ரலிக் என்று டப்பாவில் போட்டிருக்கும்,
பூங்காவனம் அதை ஜிப்பரு என்பாள்.
பழம் மஞ்சளாகிவிடாமல் இழுத்துப் பிடிக்கும்.

இரண்டாவது மருந்தை எனக்கு முன்பே தெரியும்.
டூ ஃபோர் டி.
என் வீட்டுக்காரர் முதுகு டேங்கில் நிரப்பி
எங்கள் ஆறு மா வயலில் அடித்தது.
கோரையும் ஆரையும்
நாலு நாள் வெறிபிடித்து வளரும்,
தண்டு முறுக்கிக்கொள்ளும்,
வளர்ந்தே சாகும்.
அதையே இங்கே
தராசுத் தட்டில் தூசிபோல நிறுத்துப் போட்டால்
பழத்தின் உச்சியில் இருக்கிற அந்தச் சின்னக் காம்பு
கறுக்காது, உதிராது.
காம்பு விழுந்த பள்ளம் வழியாகத்தான்
அழுகல் உள்ளே போகும்.

நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்:
பறித்தாயிற்று என்கிற சேதி
பழத்துக்குப் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்கிறோம்.
முக்கி எடுத்து, மின்விசிறியில் உலர்த்தி,
கிரேட்டில் அடுக்கி, தேதி எழுதி.
தினமும் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.
மூலையில் ஒன்று அழுகினால்
அதன் மூச்சே மற்றதை எழுப்பிவிடும்.

கோயில் விளக்குக்கு வாங்குகிற மரகதவல்லி
ஒன்றை உள்ளங்கையில் உருட்டி
"நேத்துப் பறிச்சதா?" என்றாள்.
கிரேட்டில் என் கையெழுத்து, இருபத்தாறு நாள் பழையது.
சிரித்து வைத்தேன்.

வீட்டில் அவர் இடது பக்கம் விழுந்து
பதினான்கு மாதம்.
சாயங்காலம் கஞ்சி ஊட்டும்போது கேட்பார்,
"களை எடுத்தாச்சா?"
"ஆச்சு."
"தண்ணி?"
"கணுக்கால் மட்டும் நிக்குது."
அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கமாட்டேன்.
கூடினால் கேள்வி கிளைக்கும்.
ஆறு மாவிலும் இப்போது
மஞ்சள் அடித்த கல் நட்டிருக்கிறது,
முப்பதுக்கு நாற்பது, முப்பதுக்கு நாற்பது.
ஆஸ்பத்திரி பில்லை நான் இன்னும் கிழிக்கவில்லை.

நாற்பத்தோராம் நாள்
சோதிக்க ஒன்றை அறுத்தேன்.
தோல் பச்சை. காம்பு பச்சை.
சாறு தெறித்துக் கண் எரிந்தது.
"நல்ல பழம்" என்றாள் பூங்காவனம்.
சுளைக்குள்ளே
ஒரு விதை வெடித்து
வெள்ளையாய் வேர் விட்டிருந்தது,
இருட்டிலேயே,
யாரையும் கேட்காமல்.

அதை முந்தானையில் துடைத்து
ஜன்னல் திட்டில் வைத்தேன்,
ஏன் என்று தெரியாது.

அன்று ராத்திரி, கஞ்சி பாதியில்,
அவர் வாயைத் துடைத்துவிட்டேன்.
களையைக் கேட்கவில்லை. தண்ணீரையும் கேட்கவில்லை.
கோணிய வாயால்
நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக,
"குழி என்ன விலைக்குப் போச்சு?"