ஓரத்தில் பென்சில்

செவ்வாய்தோறும் ஆறு தீவுகள்.
படகின் பெயர் பசியென்சியா,
பொறுமை என்று பொருள்.
எஞ்சினுக்கு அது கிடையாது.
ஓட்டுவது எலெயுத்தேரியோ,
பதிவேடும் முத்திரையும் நான்.
இருபது மீன்பெட்டி நிறையப் புத்தகம்,
மேலே தார்ப்பாய்.

சிலோயேயில் மழை பெய்கிறது என்று
யாரும் சொல்வதில்லை.
நின்றால்தான் சொல்வார்கள்.

தலைநகரத்திலிருந்து பட்டியல் வந்தது:
பத்து முதல் பதினான்கு வயதுக்குப்
பரிந்துரைக்கத் தகுந்த சாகச நாவல்கள்.
நாற்பதில் முப்பத்தொன்று கடல்.
கப்பல் உடையும், தீவில் ஒதுங்குவார்கள்,
புதையல் எடுப்பார்கள்,
இன்னொரு கப்பல் உடையும்.
கொல்லன் தெருவில் ஊசி விற்கக்
கிளம்பினோம் நாங்கள்.

மில்லராய் குவென்தேயோ, வயது பன்னிரண்டு.
தம்பியை முன்னால் உட்காரவைத்து
பள்ளிக்கூடத்துக்குத் தினமும்
துடுப்புப் போட்டுப் போகிறவள்.
முதல் நாவலை இரண்டு வாரத்தில் திருப்பினாள்.
பக்கம் நாற்பத்தொன்று, ஓரத்தில் பென்சில்:
"வாடைக்காற்றில் இந்தப் பாயை விரித்தவன்
அடுத்த வரிக்கு உயிரோடு வரமாட்டான்."

பக்கம் அறுபத்தெட்டு:
"ஈரக்கயிற்றில் இந்த முடிச்சு நிற்காது.
என் மாமா போட்டுப் பார்த்தார்.
படகு போய்விட்டது. மாமா இருக்கிறார்."

பக்கம் நூற்றிரண்டு,
மாலுமிகள் மூன்று நாளாய்ப் பட்டினி:
"காலடிப் பாறை முழுக்கச் சிப்பி இருக்குமே,
ஒருத்தன்கூடவா குனியவில்லை?"

புத்தகத்தில் கிறுக்கினால் அபராதம் இருநூறு பேசோ,
அழிப்பது என் வேலை.
ரப்பரை எடுத்தேன்.
ஒரு தடவை படித்துவிட்டு அழிக்கலாம் என்று
விளக்கை இழுத்து வைத்தேன்.
ரப்பர் இன்னும் சட்டைப்பையில்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு பட்டியலை யார் கேட்டார்கள்?
"மில்லராய் திட்டின புத்தகம் இருக்கா?"
சால்மன் பண்ணைக் காவலாளியின் மகன் பெலிசாரியோ,
அட்டையைத் தாண்டி உள்ளே போகாதவன், கேட்டான்:
"இதுல எத்தனை தப்பு பிடிச்சா?"
"பதினேழு."
"அப்ப கொடுங்க."
பதினெட்டாவதை அவன் கண்டுபிடித்தான்.
அதோடு நின்றானா?
அவள் பென்சிலுக்குக் கீழே நீல மையில்:
"நீ சொல்வதும் தப்பு.
எங்கள் பக்கம் சோழகம் இப்படித் திரும்பாது."
அவள் மறுத்தாள். அவன் படம் போட்டான்.
அவள் படத்தைத் திருத்தினாள்.
ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.
இரண்டு தீவுகளுக்கும் நடுவில் ஆறு மாதம்
ஒரு சண்டையைச் சுமந்து போனோம்,
நனையாமல், தார்ப்பாய்க்கு அடியில்.

ஜூலையில் ஒருநாள் எஞ்சின் செத்தது.
வாடை. அலை பக்கவாட்டில்.
ஒரு பெட்டி கடலுக்குள் போயிற்று,
எது என்றுகூடப் பார்க்கவில்லை.
இத்தனை நாவல் தூக்கியவன் நான்,
துணிச்சலாய் ஒரு வசனமாவது வர வேண்டுமே?
எலெயுத்தேரியோ வானத்தைப் பார்த்துக்
கும்பிட்டுக்கொண்டும் திட்டிக்கொண்டும் இருந்தார்.
எனக்கு நினைவு வந்தது நூற்றிரண்டாம் பக்கம்.
குனிந்தேன்.
டீசல் குழாய் கழன்று
பலகையில் சொட்டிக்கொண்டிருந்தது.

செப்டம்பரில் மில்லராய் கேட்டாள்,
காலணியிலிருந்து தண்ணீரைக் கொட்டியபடி:
"கடலே இல்லாதது ஒன்று இருக்கா?"

பதினான்காவது பெட்டியின் அடியில் கிடந்தது.
அட்டை இல்லை, முன்னூறு பக்கம்,
முழுக்கப் பாலைவனம்.
ஐந்து வாரம் வைத்திருந்தாள்.
இரண்டு தடவை தவணை கடந்தது.
திருப்பிக் கொடுத்தபோது ஒன்றும் சொல்லவில்லை,
கரையிலேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

படகு நகர்ந்ததும் புரட்டினேன்.
ஒரு கோடு இல்லை. ஒரு கேள்விக்குறி இல்லை.
இருநூற்றுப் பதினொன்றில்,
கடைசித் தோல்பை காலியாகி
ஒட்டகம் முழங்கால் மடக்கும் இடத்தில்
தாள் உப்பியிருந்தது.
நட்டநடுவில் வட்டமாய் ஒரு கறை,
குவளை நிறையத் தண்ணீர்
இரவு முழுக்க அங்கே இருந்ததுபோல.

தண்ணீர்க் கறைக்கும் அபராதம் இருநூறு பேசோதான்.
பதிவேட்டைத் திறந்து
காரணம் என்ற இடத்தில்
மழை என்று எழுதினேன்.