பின்னிருக்கை

பீன்யா இரண்டாம் கட்டம்.
கிரில் பட்டறைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம்.
கீழே வெல்டிங் வைத்தால்
மேலே திரையில் என் வண்டி நடுங்கும்.

அகலம்தான் முதல் சண்டை.
ஒரு மீட்டர் முப்பதா, ஒன்று பன்னிரண்டா.
இடையே பதினெட்டு சென்டிமீட்டர்,
விரித்த என் கையில் ஒரு சாண்கூட இல்லை.
அதற்காக மூன்று வாரம்
சில்க் போர்டு நடைமேம்பாலத்தில் நின்று
பேருந்துக்கும் தண்ணி லாரிக்கும் நடுவில்
மிஞ்சுகிற சந்துகளைப் படமெடுத்தேன்,
லாரி டயரை அளவுகோலாக்கி.

ஒன்று பன்னிரண்டு என்றால்
பக்கத்தில் பக்கத்தில் முடியாது.
ஒருவர் பின்னால் ஒருவர்.

ஃபர்ஹானா ஒத்துக்கொள்ளவில்லை.
"புருஷனும் பெண்டாட்டியும்
பிடரியைப் பார்த்துக்கொண்டா ஆபீஸ் போவாங்க?
இது வண்டியா, ரேஷன் வரிசையா?"
ஸ்கூட்டரில் அப்படித்தானே என்றேன்.
"ஸ்கூட்டர்ல தோளைப் பிடிச்சுக்கலாம்."
அதற்கு என்னிடம் அளவு இல்லை.

பேட்டரியை இரண்டு துண்டாக்கினோம்,
ஒவ்வொன்றும் ஒன்பது கிலோ,
மூன்றாம் மாடிக்குத் தூக்கிப்போக.
கீழே பிளக் தராத வீட்டு ஓனர்களை
மழை, வெயில் மாதிரி
ஒரு வானிலையாகவே கணக்கில் எடுத்திருந்தோம்.

ஜூலையில் முதல் ஓட்டம்.
நான் முன்னால். அவள் பின்னால்,
மடியில் லேப்டாப், அதில் ஏறி இறங்கும் கோடுகள்.
கொரகுண்டேபாளையத்தில் லாரி கிளீனர் ஒருவன்
தலையை நீட்டி "ஏனு மேடம், சோப்பு டப்பாவா?" என்றான்.
ஹெப்பாள் பாலத்தின் மேல் எல்லாம் நின்றது.
நாற்பது நிமிடம்.
நின்றால் எங்கள் வண்டிக்குச் சத்தமே கிடையாது.
கூரையில் மட்டும் மழை, கடுகு வெடிப்பதுபோல.

அப்போது பின்னாலிருந்து:
"அடுத்த மாசம் நான் வேலையை விடறேன்.
புனேல கிடைச்சிருக்கு.
நாலு நாளா சொல்லப் பார்த்தேன்,
உன் முகத்தைப் பார்த்தா வரல."

கண்ணாடியில் தேடினேன்.
நாங்களே கோணம் வைத்த கண்ணாடி.
பின்னால் நிற்கும் பேருந்தின் பெயர்ப்பலகை தெரிந்தது,
அவள் நெற்றி கொஞ்சம்.
கண் தெரியவில்லை.

முன்னால் லாரி ஒரு அடி நகர்ந்தது.
நானும் நகர்ந்தேன்.
"கரன்ட் எவ்வளவு?"
"நாலு ஆம்பியர்" என்றாள்,
மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

மறுநாள் அறிக்கையில் பதினொரு குறைகள் எழுதினேன்.
வலது கதவில் தண்ணீர்க் கசிவு.
வைப்பர் முனகுகிறது.
ஏழாவது:
உள்கண்ணாடியை நான்கு டிகிரி தாழ்த்தவும்.
காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.

சரிபார்த்தவர் என்ற இடத்தில் அவள் கையெழுத்து.
நான்கை அடித்து
ஆறு என்று திருத்தியிருந்தாள்.