அசையும் சொத்து, அசையாச் சொத்து

என் படிவத்தில் இரண்டே கட்டங்கள்.
தண்ணீர் வடிந்த ஆறாம் நாள்
புளியந்தோப்புக்குப் போனேன்,
முட்டிவரை பூட்ஸ்,
கழுத்தில் காப்பீட்டுக் கம்பெனியின் அட்டை.

கோயில்பிள்ளை ஞானப்பூ
தெற்குக் கதவைத் தோளால் இடித்தாள்.
ஊறிப் பருத்த தேக்கு
ஒரு வசைச்சொல்லோடு வழிவிட்டது.
வசை கதவினுடையதா அவளுடையதா,
தெரியவில்லை.

கூரை: ஒரே செங்குத்துச் சரிவு.
"பனி வழுக்கி விழணுமாம், அதுக்குத்தான்" என்றாள்.
நூற்று முப்பது வருடமாகக் காத்திருக்கிறது
புளியந்தோப்பில் பனி விழ.
ஐப்பசி மழைக்கு விட்டிருக்கும் தகரக் கால்வாயோ
என் உள்ளங்கை அகலம்.

கட்டியவன் ரயில்வே என்ஜினியர்.
எண்ணூறு வருடப் பழைய தன் ஊர்க் கோயிலை
மனப்பாடமாகக் கொண்டுவந்து
இங்கே இறக்கியிருக்கிறான்.
கல்லுக்குப் பணம் தீர்ந்தபோது
தண்டவாளத்தை நட்டுச் சுண்ணாம்பு பூசிக்
கோடு கிழித்துக் கல்லாக்கிவிட்டான்.
விரலால் தட்டினேன்.
தூண் 'ணங்' என்றது.
பேசின் பிரிட்ஜ் பக்கம் ஏதோ ஒரு வண்டி
அதற்குப் பதில் சொன்னது.

எழுதினேன்.
தூண்கள் பன்னிரண்டு, அசையாதவை.
வளைவுகள் பத்து,
முட்டிக்கொண்ட இரண்டு கிடாக்கள்
யாரும் விலக்காமல்
அப்படியே நின்றுபோன மாதிரி.
(இதை எழுதவில்லை.)

வேதம் வாசிக்கும் மேடை ஒரு மரக்கழுகு.
விரித்த சிறகில்தான் புத்தகத்தை வைப்பார்களாம்.
"முதல் ராத்திரியே மெதக்க ஆரம்பிச்சிருச்சு.
பீடத்துப் படிவரைக்கும் தானா வந்துச்சு,
தலகீழா."
அலகு நிறைய ஓட்டேரிக் கால்வாய்ச் சேறு.
மிதந்தவற்றுக்கு
என்னிடம் கட்டம் இல்லை.

முன்வரிசை பெஞ்சுகளுக்குப் பிரம்பு பின்னல்,
இடுப்புயரக் கதவு, பித்தளையில் எண்.
கடைசி நான்கு வரிசைக்கு
முதுகு சாயப் பலகையே இல்லை.
யாருக்காக என்று நான் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.

வடசுவரில் சாய்வாக ஒரு துளை.
நேரே நின்றால் இருட்டு.
வெளியே போய்க் கன்னத்தைச் சுவரில் ஒட்டினால்
பீடத்தின் ஒரு மூலை,
அப்பம் உயரும் இடம் மட்டும்.
அவன் ஊரில் தொழுநோயாளிகளுக்கென்று வெட்டியதாம்.
அங்கே இருந்தது, இங்கேயும் வெட்டினான்.
ஆனால் வெளிப்புறத்தில், தோள் உயரத்தில்,
காரை வழவழவென்று தேய்ந்திருக்கிறது.
பலர் நின்றிருக்க வேண்டும்,
பல ஞாயிறு.

பாடகர் மாடத்தில் அன்று நாற்பத்தொரு பேர்.
கதவு திறக்கவில்லை.
படகு வடசுவரில் வந்து அணைந்தது.
பால் பாக்கெட், மெழுகுவர்த்தி,
மூச்சிரைக்கும் ஒரு பையனுக்கு மருந்துக் குழல்,
எல்லாம் அந்தச் சாய்ந்த துளை வழியாக
ஒவ்வொன்றாய்.
"பெருசா எதுவும் நுழையாது.
தலகாணி கேட்டாங்க, முடியாதுன்னுட்டேன்."

கடைசியாக ஞானஸ்நானத் தொட்டி.
எட்டுப் பட்டைக் கருங்கல், மூன்று படிக்கு மேல்.
டேப் வைத்துப் பார்த்தேன்:
விளிம்பு நான்கடி.
சுவரில் வெள்ளத்தின் பழுப்புக் கோடு
மூன்றடி ஒன்பது அங்குலம்.
ஞானப்பூ மரமூடியைத் தூக்கினாள்.

உள்ளே ரேஷன் கார்டுகள்.
பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்,
உயிரற்ற இரண்டு போன்கள்,
ரப்பர் பேண்டு போட்ட அடகுச் சீட்டுகள்.
"வாங்கிட்டுப் போனது போக மிச்சம்."
மேலே இருந்த சீட்டில்
ஹமீதா பானு, ஆடுதொட்டி, ஒரு ஜோடி கம்மல்.

"இதுங்களையும் எழுதுவீங்களா?"
"கோயில் சொத்தா இது?"
"இல்ல."
மூடியை மறுபடி வைத்தாள்,
தூங்கும் பிள்ளைமேல் போர்வை இழுப்பதுபோலெல்லாம் இல்லை,
சாதாரணமாக, டப்பென்று.

வெளியே வந்து ஆட்டோவில் எழுதி முடித்தேன்.
தொட்டி ஒன்று. கருங்கல். அசையாதது.
சேதம் இல்லை.
ஈரம் இல்லை.

கடைசி வரியை
வண்டி டவுட்டன் தாண்டும்போது
அடித்தேன்.