ஆட்டுக்கயிறு

லுசேங்கேயின் ஒரே சாலையில்
குறுக்கே கட்டியிருப்பது என் கயிறு.
ராஃபியா நாரில் நானே திரித்தது.
நடுவில் நார் தீர்ந்துபோய்
நீலத் துணிக்கிழிசல் சேர்த்திருப்பேன், பாருங்கள்.
அதில் ஒரு வெள்ளாடு நின்றது.
பெயர் வைக்கவில்லை,
விற்கத்தான் வளர்த்தேன்,
கித்தோகாவின் பள்ளிக் கட்டணத்துக்கு.

முதலில் வந்தவர்கள் ஆட்டைத் தின்றார்கள்.
கயிற்றைத் தின்ன முடியாததால்
சாலைக்குக் கட்டினார்கள்.

அதன்பின் நான்கு முறை சீருடை மாறிவிட்டது.
ஒரு கூட்டம் ரப்பர் காலணியில் வந்தது.
ஒரு கூட்டம் எங்கள் மொழியிலேயே திட்டியது.
அரசாங்கம் என்று சொல்லிக்கொண்ட கூட்டத்துக்குச்
சம்பளம் வரவில்லையாம்.
கயிற்றை மட்டும் யாரும் மாற்றவில்லை.
நல்ல கயிறு என்றான் ஒருவன், என்னிடமே.

மலைக்குள் இறங்கும் பையன்கள்
ஐம்பது கிலோ மூட்டையை
நெற்றியில் மாட்டிய வாரில் தாங்கி
இரண்டு நாள் நடந்து வருவார்கள்.
உள்ளே வெள்ளீயக் கல். கறுப்பாகத்தான் இருக்கும்.
கயிற்றடியில் இறக்கி, எண்ணிக் கொடுத்து, மறுபடி ஏற்றி.
கித்தோகா மூன்று மழைக்காலம் சுமந்தான்.
நான்காவதில் குழி மூடிக்கொண்டது.
மூடிய குழிக்கு வரி இல்லை என்று
விட்டுவிட்டார்கள்.

விமானம் வரும் நாளில் கயிற்றை அவிழ்ப்பார்கள்.
அதற்கு இந்தச் சாலைதான் ஓடுதளம்.
லாரிச் சக்கர வளையத்தை வபிவா தட்டுவாள்,
மரவள்ளிக் கூடைகளை இழுத்துக்கொண்டு
ஓரத்துக்கு ஓடுவோம்.
விமானம் குனிவதில்லை.

நாங்கள் குனிவோம்.
சந்தைக்குப் போக
ஒரு தக்காளி டப்பா மாவு.
டப்பாவின் உள்ளே மினுங்குவது
உங்கள் மலையாகவும் இருக்கலாம் என்றான்
கணக்கெழுதும் பிசிம்வா.
கோபுரமாக நிரப்பு என்றான் துப்பாக்கிக்காரன்.

போன வியாழன் இரவு முழுக்கச் சத்தம்.
விடிந்தபோது காவலுக்கு ஆளில்லை.
ஒற்றைக் காலணி, கொஞ்சம் சாம்பல், என் கயிறு.
இந்தப் பக்கம் பதினேழு பேர் நின்றோம்.
யாரும் தாண்டவில்லை.
முடிச்சில் ஐந்து வருட மழை இறுகியிருந்தது,
பல்லால்தான் அவிழ்த்தேன்.
மண்ணெண்ணெய் ருசித்தது, யார் யாருடையதோ கைவியர்வை.
ஆட்டு வாசனை எங்குமில்லை.

சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு
கூடையோடு நடந்தேன்.
கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே
வெறும் காற்று.
அந்த இடம் வந்ததும்
முதுகு தானாக மடங்கியது.

பின்னால் ஒரு பையன்
மூட்டையை இறக்கிவைத்து
சட்டைப்பையைத் துழாவும் சத்தம்.