முள்ளெலிப் பூ

நான்காவது தும்மலில் இயந்திரத்தை நிறுத்தினார்கள்.
முதல் மூன்றையும் முகக்கவசத்துக்குள்ளேயே
விழுங்கியிருந்தேன்.
கண்ணாடிக்கு அப்பாலிருந்து ரிமாந்தாஸ்
கதவை நோக்கி ஒரு விரல் நீட்டினார்.
கெட்டவர் இல்லை.
சளி மாத்திரை செய்யும் இடத்தில்
சளி பிடித்தவளுக்கு இடமில்லை என்பது
சுவரிலேயே லாமினேட் செய்து ஒட்டியிருக்கிறது.

மணிக்கு நாற்பதாயிரம் கூடுகள்,
பாதி வெள்ளை, பாதி ஊதா.
உள்ளே போவது ஒரு பூச்செடி.
லித்துவேனிய மொழியில் அதற்கு
முள்ளெலியின் பெயர்.
நடுவில் இருக்கும் குமிழைத் தொட்டவர்கள்
ஏனென்று கேட்கமாட்டார்கள்.
ஆகஸ்டில் பானெவேஜிஸுக்கு வெளியே
வயல் முழுக்க ஊதா நிறம்.
எங்களிடம் வரும்போது பழுப்புத் தூள்,
மழையில் நனைந்து காய்ந்த
வைக்கோலின் மணம்.
அந்த மணம்கூட இன்றைக்கு இல்லை எனக்கு.

அதிகாலை நாலே முக்காலுக்கு முதல் பேருந்து.
அதுவரை மருந்துக்கடை வாசலில் நின்றேன்.
பூட்டிய கடை. உள்ளே விளக்கு மட்டும்
எங்கள் பெட்டிகளின் மேல்.
பதினொரு யூரோ நாற்பது.
என் ஒரு மணி நேரத்தைவிட
கொஞ்சம் அதிகம்.

வீட்டில் ஒன்று இருந்தது,
மூலை நசுங்கியதால் எனக்குக் கிடைத்த பெட்டி.
அதற்குள் மடித்து வைத்த தாள்
என் கையே மடித்ததாகவும் இருக்கலாம்.
எறும்பளவு எழுத்தில் எழுதியிருக்கும்:
நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள்,
அது ஒன்றே ஆதாரம்.
பத்து நாளில் குணமாகாவிட்டால்
மருத்துவரைப் பாருங்கள்.
பத்து நாளைக்கு எந்தச் சளி
இருந்து காட்டுகிறது?

ஒரு கூட்டைத் திறந்து
தூளை நாக்கில் கொட்டினேன்.
முதலில் மண்.
பிறகு நுனி கூசியது, பிறகு மரத்தது,
யாரோ மெல்லிய ஊசியால்
கதவு தட்டுவதுபோல.
குணமாக்கும் என்று சத்தியம் செய்யமாட்டேன்.
நாக்கு மரத்தது சத்தியம்.

நான்கு இரவு இருட்டில் தூங்கினேன்.
மூன்று வருடத்தில் முதல் முறை.
மகள் உக்னே தேன் வைத்துவிட்டுப் போனாள்,
யோலாந்தா போனில்
பூண்டு தின்னச் சொன்னாள்.
ஐந்தாம் நாள் மூக்கு திறந்தது.
யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல்
எல்லோருக்கும் சொன்னேன்,
பெட்டிக்கும் சேர்த்து.

ஆறாம் நாள் இரவு.
தூளின் மணம் திரும்பி வந்திருந்தது.
கண்ணாடிக்கு அப்பால் ரிமாந்தாஸின் தோள்கள்
குலுங்கின. ஒன்று.
கொஞ்சம் கழித்து, இரண்டு.
இதெல்லாம் வெறும் புல்லுத் தூள் என்று
கிறிஸ்துமஸ் விருந்தில் சிரித்த மனிதர்.
கழித்த கூடுகள் கிடக்கும் தட்டிலிருந்து
இரண்டை எடுத்தார்,
தண்ணீர்கூட இல்லாமல் வாயில் போட்டார்,
சுற்றிலும் பார்த்தார்.

நான் கூடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வெள்ளை, ஊதா, வெள்ளை, ஊதா.
மூன்றாவது சத்தம் கேட்டதா என்று
யாராவது கேட்டால்
இயந்திரத்தின் இரைச்சல் அப்படி.