ஒன்றேமுக்கால் கிலோ

ஹெஸ்ஸல் போஸ்த்மா
வண்டியைத் தள்ளிக்கொண்டு வரவில்லை,
அதன்மேல் சாய்ந்துகொண்டு வந்தார்.
சிப்பிப் படகின் விஞ்சுக்கு
இடது காலைக் கொடுத்துப் பதினான்கு மாதம்.
"மூன்று சக்கரம் என்று வாயைத் திறந்தால்
இப்படியே திரும்பிப் போய்விடுவேன், பௌக்யே."
நான் திறக்கவில்லை.

எங்கள் ஹார்லிங்கனில் பழைய வண்டிகள் எல்லாம்
பின்னால் மிதித்தால் நிற்பவை.
இரண்டு கால் உள்ளவர்களுக்கு நல்ல யோசனைதான்.
ஒற்றைக் காலுக்கு
மிதி அடியில் போய் நின்றுவிட்டால்
மேலே கொண்டுவர வழியில்லை,
நடுச் சாலையில் நின்று
வண்டியைத் தூக்கிச் சுற்ற வேண்டும்.
முதலில் அந்த ஹப்பைக் கழற்றி எறிந்தேன்.
கைப்பிரேக் போட்டேன். மிதியில் தோல்வார்.
ஊன்றுகோல் செருக
மழைநீர்க் குழாயில் ஒரு முழத் துண்டு.

சிக்கல் மீதிப் பாதி வட்டத்தில்.
வலப்பக்கம் மேலேற வேண்டுமென்றால்
இடப்பக்கம் யாராவது இறங்க வேண்டும்.
யாரும் இல்லை.
தூண்டில் ஈயங்களை உருக்கிக்
காலி மீன் டின்னில் வார்த்து
இடது கிராங்கின் நுனியில் முடுக்கினேன்.
ஒரு கிலோ: போதவில்லை.
இரண்டு: வண்டி நொண்டியது.
"எங்களில் ஒருவர் நொண்டினால் போதாதா?"
என்று சிரித்தது அவர்தான்.
ஒன்றேமுக்காலில்
வட்டம் வட்டமானது.

கடலணை மேட்டில், வடமேற்குக் காற்றுக்கு எதிராகப் போனார்.
ஒரு மணி நேரம் கழித்து வந்து
செம்மறிகளைத் திட்டினார், வழி விடவில்லையாம்.
காற்றைப் பற்றிப் பேச்சே இல்லை.

வியாழக்கிழமை மறுபடி வந்தார்.
கடை காலியாகும்வரை
டயர்களைப் பார்ப்பதுபோல் நின்றார்.
"அரிக்கிறது."
நான் தோல்வாரைப் பார்த்தேன்.
"அந்தக் கால் இல்லை.
இங்கே. கணுக்காலுக்குச் சற்று மேலே."
விரல் ஈயத்தைக் காட்டியது.

இருவரும் குனிந்து பார்த்தோம்.
டின்னின் வரிகள் அதில் இன்னும் பதிந்திருந்தன.
மருத்துவமனையில் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம்.
நான் சைக்கிள் கடைக்காரி.
மென் அரத்தை எடுத்து
அவர் காட்டிய இடத்தில் இழுத்தேன்.

"கொஞ்சம் வெளிப்பக்கம்."
"இங்கேயா?"
"இன்னும் கீழே... ஆ."
கண்ணை மூடிக்கொண்டார்.
வலது பாதம் ஷூவுக்குள்
மெல்ல அசைந்தது.

அவர் போன பிறகு
தரையில் உதிர்ந்ததைக் கூட்டி அள்ளினேன்:
அரைத் தேக்கரண்டிகூட இல்லை.
பில்லில் அதை எழுதவில்லை.